கோட்டுக்காரன் பாட்டுக்குச் சொல்லப்பட்ட கதை

மெல்லிசை மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வாசிப்பைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ நான் சொல்ல எதுவும் இல்லை. அவற்றில் நீங்கள் எங்களைவிடத் தேர்ந்தவர்கள். உங்கள் கையிலிருக்கும் கருவிகளின் பெயர்கள்கூட எனக்கு வாயில் நுழைவதில்லை. நான் சொல்ல விரும்புவது வேறொன்று. ஒரு பாட்டைப் பாடி முடித்ததும் நம் வேலை முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கேட்டவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அங்கே அது என்ன செய்கிறது என்பது நமக்குப் பெரும்பாலும் தெரியவருவதில்லை. எனக்கு ஒருமுறை தெரியவந்தது. குழு நடத்துகிறவர்கள் அதைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் எங்கள் குழு இயங்கிவந்தது. நான் பொருளியல் பட்டம் பெற்றுக் கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து அறையைக் கேட்டு வாங்கிப் பயிற்சி செய்வோம். நான் அக்கார்டியன் வாசித்தேன். குழுவை நடத்தும் பொறுப்பும் என்னுடையதாக இருந்தது. பாங்கோவும் டிரம்மும் மீமிசல்காரரான காதர். அறிவிப்பாளர் தங்கராசு வாத்தியார். அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினார். மேடையில் அதைவிடச் சுவையாக எதையும் நடத்துவார். கிட்டார் ரெத்தினம். நான் சொல்லவரும் பாட்டு அவருடையது.

ரெத்தினம் திருமணமான கையோடு சிங்கப்பூருக்குப் போய், உறவினர் கடையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, காய்ச்சலில் உடம்பு கெட்டுத் திரும்பியவர். அங்கே அண்டை வீட்டு மலாய் இளைஞர்கள் குழு வைத்து ராக் அண்ட் ரோல் வாசித்தார்களாம். அவர்களிடம் கற்றுக்கொண்டு, மின்சாரத்தில் இயங்கும் கிட்டார் ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கென்று தனி ஒலிபெருக்கி இல்லை. மைக்செட்காரரின் பெட்டியில்தான் செருக வேண்டும். முதல் நாள் செருகி ஒரு தட்டுத் தட்டியதும் வேப்பமரத்தில் கட்டியிருந்த புனல் ஸ்பீக்கர் உறுமிய உறுமலில் மைக்செட்காரர் ஓடிவந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, இது கிட்டாரா, ரைஸ் மில்லா?” என்றார் காதர்.

“அடிச்சுப் பாருங்க பாய், ஒங்க டிரம்மு இதுக்குப் பயந்து ஓடுதா இல்லையான்னு” என்றார் ரெத்தினம்.

ஓடவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த உறுமலுக்கு ஏற்றபடி ரெத்தினம் தானே ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தார். அதற்குமுன் அவர் எதையும் எழுதியதில்லை. அதற்குப் பின்னும் எழுதவில்லை.

யாரடி அவன் யாரடி
நான் வந்த பின்னும் போகாதவன்
பொத்தான் மின்னும் கோட்டுக்காரன்
பேசாமலே உன்னைப் பேச வைத்தவன்
யாரடி அவன் யாரடி

இப்படிப் போகும். மெட்டில் அழுகை இல்லை. கோபம் இருந்தது, அந்தக் கோபத்துக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. பொறாமையை அழுது பாடிக் கேட்டிருந்த நமது மக்களுக்கு, அதைக் கால் தட்டிக் கேட்பது புதிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. “யாருய்யா இந்தக் கோட்டுக்காரன்?” என்று எல்லோரும் கேட்டோம். ரெத்தினம் கம்பிகளை முறுக்கிக்கொண்டு, “பாட்டுதானேண்ணே, அதுல ஆளு எதுக்கு?” என்று சொல்லிவிட்டார். நாங்கள் விட்டுவிட்டோம்.

அக்காலத்து மேடை வழக்கம் ஒன்றை இங்கே விளக்க வேண்டும். மெல்லிசைக் கச்சேரிக்கு மக்கள் வருவது தெரிந்த சினிமாப் பாட்டைக் கேட்பதற்கு. தெரியாத பாட்டைத் தொடங்கினால், அதுதான் சோடா குடிக்கவும் பீடி பற்றவைக்கவும் நேரம் என்று பாதிப் பந்தல் எழுந்துவிடும். எனவே சொந்தப் பாட்டு பாடும் குழுக்கள் அதற்குமுன் ஒரு கதை சொல்லும். இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தால், எழுந்தவர்கள் உட்காருவார்கள். எங்கள் பாட்டுக்குக் கதை இல்லை. உரியவர் சொல்ல மறுத்துவிட்டார். தங்கராசு வாத்தியார் கவலைப்படவில்லை. தாமே ஒன்றைச் செய்துகொண்டார்.

முதலில் அது சிறிய கதையாகத்தான் இருந்தது. ஓர் ஊரில் ஒரு கணவன், அவன் மனைவி, நடுவில் கோட்டுப் போட்ட ஒருவன். கூட்டத்துக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஊரில் கோட்டுக்காரனுக்கு ஒரு தொழில் தேவைப்பட்டது. பொத்தான் மின்னுகிறதே, அப்படியானால் பஸ் கண்டக்டர். அதற்கடுத்த ஊரில் பஸ்ஸுக்கு ஒரு தடம் தேவைப்பட்டது. வாத்தியார் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போவது அறந்தாங்கி பஸ்ஸில். எனவே அறந்தாங்கித் தடம். பிறகு ஆளுக்குச் சுருட்டை முடி வந்தது. விசிலைக் குட்டையாக ஒருமுறையும் நீளமாக ஒருமுறையும் ஊதும் பழக்கம் வந்தது. “அன்பர்களே! அந்த விசில் ஒலித்தால் பஸ் மட்டுமா நின்றது? ஒரு குடும்பமே நின்றுபோனது!” என்று அவர் குரலை இறக்கி ஏற்றும்போது பந்தலில் ஈ பறக்கும் சத்தம் கேட்கும். உடனே ரெத்தினத்தின் கிட்டார் உறுமும். கோட்டுக்காரன் பாட்டு எங்கள் பகுதியில் பேர்போன பாட்டாகிவிட்டது. திருமண வீட்டார் வந்து பேசும்போதே, “அந்தக் கண்டக்டர் பாட்டு உண்டுல்ல?” என்று கேட்டு உறுதி செய்துகொள்ளத் தொடங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியின் நடுவே நடுவயதுப் பெண்ணொருவர் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். பெயர் பாக்கியம் என்றார். அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் சுருட்டை முடி இளைஞர் ஒருவர் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் தங்கராசு வாத்தியார் கையிலிருந்த வெற்றிலையை மடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டார். தினமும் அவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவர்!

“இவன் என் தம்பி பழனிவேலு. அறந்தாங்கி பஸ்ல கண்டக்டரு” என்றார் பாக்கியம். “ஒங்கள்ல யாருங்க கதை சொல்றவரு?”

நான் முன்னே சென்று, “குழுவை நடத்துவது நான். என்னிடம் சொல்லுங்கள்” என்றேன்.

“என்னத்தச் சொல்ல? அறந்தாங்கியில பொண்ணு பாத்து, பேசி முடிச்சு, பரிசம் போட நாளும் குறிச்சாச்சு. இப்ப பொண்ணோட அப்பா சுப்பையா, ‘ஒன் தம்பி யாரு குடும்பத்தையோ கெடுத்துட்டானாமே, ஊரே பாட்டாப் பாடுது’ன்னு கேக்குறாரு. நாள் தள்ளிப் போடுங்கன்னுட்டாரு. எங்க ஆத்தா அப்பன் போனபெறகு இவன வளத்தவ நான். பஸ்ஸவிட்டு எறங்குனா வீடு, வீட்டவிட்டா பஸ்ஸு. இவன் மேல எப்படிங்க இப்படிக் கட்டுனீங்க?”

தங்கராசு வாத்தியார் எழுந்தார். “அம்மா, நான் யாரையும் நெனச்சுச் சொல்லலம்மா. சும்மா ஒரு கதைக்கு...”

“கதைக்குச் சுருட்ட முடி எதுக்குங்க? விசிலு எதுக்குங்க?”

பழனிவேலு அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தார்.

“பஸ்ல ஏறுற பொம்பளைங்க இப்ப என்கிட்டக் கை நீட்டி டிக்கெட்டு வாங்க மாட்டேங்குறாங்க சார். பக்கத்துல இருக்குற ஆம்பள வாங்கிக் குடுக்கணும். விசிலு ஊதுனா பின்சீட்டுப் பசங்க பாடுறாங்க. நான் இப்ப விசிலே ஊதுறதில்ல. பலகையில தட்டித்தான் வண்டிய நிறுத்துறேன்.”

நிலைமையின் கனம் அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு முழுவதும் உறைத்தது. பரிசம் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சுப்பையாவின் மனம் மாறாவிட்டால் சம்பந்தம் முறியும். இந்தக் காரணத்தால் முறிந்த சம்பந்தம் அத்தோடு நிற்காது. அடுத்து எங்கே பெண் கேட்டாலும் பழனிவேலுவுக்கு முன்னால் அது போய் நிற்கும். ஏதாவது செய்து சரிசெய்கிறோம் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். பாக்கியம் போகும்போது, “என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரு இன்னொரு கதையச் சொல்லிறாம பாத்துக்கங்க” என்று வாத்தியாரைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வாசிப்பு நின்றது, யோசனை தொடங்கியது. வரும் வெள்ளிக்கிழமை மாலை அறந்தாங்கியில் ஒரு திருமண வரவேற்பில் எங்களுக்குக் கச்சேரி இருந்தது. மணமகள் சுப்பையாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மகள். சுப்பையா குடும்பத்தோடு வருவார். செய்வதை அங்கேதான் செய்ய வேண்டும். ஆனால் எதைச் செய்வது?

காதர் எளிய வழி சொன்னார். “பாட்ட நிறுத்திருவோம்ணே. பாட்டு இல்லேன்னா பேச்சு ஏது?”

அது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லோரும் கேட்கும் பாட்டை நாங்கள் திடீரென்று நிறுத்தினால், உண்மை என்பதால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று ஆகும்.

“நானே மேடையில ஏறிச் சொல்லிர்றேன்” என்றார் வாத்தியார். “நான் சொன்னது பூராப் பொய், அப்படி ஒரு கண்டக்டர் கெடையவே கெடையாதுன்னு.”

அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கண்டக்டரின் அக்காள் வந்து அழுதிருக்கிறார், அல்லது பஸ் முதலாளி மிரட்டியிருக்கிறார், பாவம் வாத்தியார் மாற்றிப் பேசுகிறார் என்பார்கள். அதோடு, மறுப்பதற்காகவாவது அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லியாக வேண்டும். இதுவரை கேட்காதவர்களும் கேட்டுவிடுவார்கள்.

“அப்ப கண்டக்டர மாத்தி வேற ஆளப் போட்டுருவோமா? தாசில்தாரு, ரயில்வே கார்டு?” என்றார் வாத்தியார் தயங்கித் தயங்கி.

“அவுங்களுக்கும் அக்கா இருப்பாங்க வாத்தியாரே” என்றார் காதர்.

இவ்வளவு பேச்சிலும் ரெத்தினம் கலந்துகொள்ளவில்லை. கிட்டாரை உறையில் போட்டு, எடுத்து, மீண்டும் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போன பிறகு நான் அவரைத் தனியே நிறுத்திக் கேட்டேன். அந்தக் கோட்டுக்காரன் உண்மையில் யார் என்று தெரிந்தால் ஒரு வழி பிறக்கலாம். ஒருவேளை அது சொல்லக்கூடாத செய்தியாக இருந்தால் என்னோடு போகட்டும் என்றேன்.

கிட்டார் உறையின் வாரை முடிந்துகொண்டே, “நான்தான்ணே” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. சிங்கப்பூருக்குக் கிளம்புமுன் மனைவி வள்ளிக்கண்ணுவுக்காக அவர் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டூடியோக்காரரின் கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், நெற்றியில் சுருட்டிவிட்ட முடி, பின்னால் திரையில் வரைந்த அரண்மனை. அவர் இல்லாத ஆண்டுகளில் வள்ளிக்கண்ணு தினமும் காலையில் அந்தப் படத்தை முந்தானையால் துடைத்து, வீட்டு நடப்பையெல்லாம் அதனிடம் சொல்லி வந்திருக்கிறார். காய்ச்சலில் இளைத்து, முன்தலை வழுக்கையாகி ரெத்தினம் திரும்பி வந்தார். அதன் பிறகும் படத்தோடு பேச்சு நிற்கவில்லை.

“ஒருநா காலையில வெளிய போயிட்டு வாரேன். உள்ள பேச்சுச் சத்தம். நின்னு கேட்டேன். ‘வந்திருக்காரு ஒரு மனுசன், வாயத் தொறந்தா இருமலு, கையத் தொறந்தா கிட்டாரு, ஒரு பேச்சு உண்டா’ன்னு என்னையப் பத்தி அவன்கிட்டச் சொல்லிக்கிட்டிருக்கா. அவன் சிரிச்சுக்கிட்டே நிக்கிறான், கோட்டப் போட்டுக்கிட்டு.” ரெத்தினத்தின் குரலில் அப்போதும் கோபம் இருந்தது. “சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வயிறு எரிஞ்சுது.”

நான் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். அந்த உண்மை எவ்வளவு பயன்படும் என்பது உடனே தெரிந்தது. பொய்க் கதையை மறுக்க வேண்டியதே இல்லை. அதைவிட நல்ல கதை, யாரையும் காயப்படுத்தாத கதை, எங்களிடமே இருந்தது. ஆனால் அதைக் கேட்டதும் மேடைக்கு எடுத்துப் போய்விட எனக்கு மனமில்லை. பாதிக் கதை ரெத்தினத்துடையது. மீதி, காலை நேரத்தில் தனியாக ஒரு பெண் பேசிய பேச்சு. ஒரு கண்டக்டரின் பெயரைக் காப்பாற்ற, சம்மதம் கேட்காமல் இன்னொருவர் வீட்டு அந்தரங்கத்தைப் பந்தலில் வைத்தால், வாத்தியார் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வேறுபாடு? ரெத்தினமோ மனைவியிடம் இதைச் சொல்வதற்கே நடுங்கினார். கடைசியில் நானும் உடன் வருவதென்று முடிவாயிற்று.

வள்ளிக்கண்ணு முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் தட்டுத் தடுமாறிச் சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பாட்டின் பொருள் அவருக்கு அன்றுவரை தெரியாது.

“இதுக்கா அந்தப் பாட்டு?” என்றார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கண்ணே. அந்த ஆளு நான் சொன்னதெல்லாம் கேட்டாரு. இவுக வந்த நாள்லேருந்து நான் பேசுனா அங்கிட்டுத் திரும்பிக் கம்பிய முறுக்குறாக. நான் யாருகிட்டப் பேசுறது?”

அது எனக்கான கேள்வி அன்று. ரெத்தினம் பதில் சொல்ல வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே கேக்குறேன்” என்றார்.

பழனிவேலுவின் நிலைமையை நான் விளக்கினேன். வள்ளிக்கண்ணு முகம் மாறியது. மேடையில் சொன்னால் ஊரில் கேலி பேசுவார்கள், அதுவும் எளிதில் ஓயாது, அதை யோசித்து முடிவு சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

“புருசன் படத்தோட பேசுனது குத்தமா? பேசிட்டுப் போறாங்க” என்றார். “ஆனா அந்த வாத்தியாரு சொல்லக் கூடாது. அவரு சொன்னா இதுக்கும் விசிலு ஊதிருவாரு. இவுக வாயாலயே சொல்லட்டும். படம் என் கையிலதான் இருக்கும். நானும் வாரேன்.”

வெள்ளிக்கிழமை மாலை அறந்தாங்கிப் பந்தல் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் சுப்பையா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை வைத்திருப்பவர்களுக்கே உரிய, எதையும் எடை போடும் முகம். பெண்கள் பக்கத்தில் வள்ளிக்கண்ணு ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பாக்கியத்தையும் பழனிவேலுவையும் நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பழனிவேலு பந்தல் வாசலில் வாழைமரத்தை ஒட்டி நின்றார்.

சில சினிமாப் பாட்டுகள் பாடிக் கூட்டத்தைக் கனியவைத்து, நடுவில் ரெத்தினத்தைப் பேசவைப்பது என்பது எங்கள் திட்டம். இரண்டாம் பாட்டு முடியுமுன்பே திட்டம் குலைந்தது. மணமகனின் நண்பர்கள் வாசலில் நின்றவரைக் கண்டுகொண்டார்கள். ஒருவர் நாக்கை மடித்துக் குட்டையாக ஒரு விசில், நீளமாக ஒரு விசில் அடித்தார். “கண்டக்டர் பாட்டு! கண்டக்டர் பாட்டு!” என்று ஒரு மூலை முழுவதும் கூவியது. “ஆளே வந்திருக்காருப்பா!” என்று ஒரு குரல். பந்தலில் தலைகள் வாசலைப் பார்த்துத் திரும்பின. பழனிவேலு வெளியே போகத் திரும்பினார். பாக்கியம் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். சுப்பையா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்து போகப்போகிறவரின் செய்கை அது.

தங்கராசு வாத்தியார் பதற்றத்தில் மைக்கைப் பிடித்து, “அன்பர்களே, அந்தக் கண்டக்டர்...” என்று தொடங்கிவிட்டார். நான் அக்கார்டியனை இறக்கிவைத்துவிட்டுப் போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். “கேட்ட பாட்டு இப்போது வருகிறது. எழுதியவரே அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்” என்று மட்டும் சொல்லி ரெத்தினத்தின் முன் வைத்தேன்.

ரெத்தினம் மைக்கைப் பார்த்தார். “இந்தப் பாட்டு வந்து...” என்றார். நின்றுவிட்டார். ஆயிரம் தடவை பாடியவருக்கு நான்கு வார்த்தை பேச வரவில்லை. “அந்தக் கோட்டுக்காரன் வந்து...” மறுபடி நின்றார்.

மேடையில் இத்தகைய இடைவெளி விழுந்தால் எதையாவது வாசித்து நிரப்புவது நமக்கு இயல்பாகிவிட்ட பழக்கம். காதரின் கை டிரம்முக்குப் போனதைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்த நேரத்தில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அது கச்சேரியின் பகுதியாகியிருக்கும். ரெத்தினம் சொல்லப்போவதும் இன்னொரு மேடைக் கதையாகியிருக்கும். அவர் திணறுவது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று எனக்குப் பட்டது. தயார் செய்த கதையை யாரும் இப்படித் திணறிச் சொல்வதில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “சொல்லுங்க! சும்மா நெளிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க!”

தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. வள்ளிக்கண்ணு எழுந்து நின்றிருந்தார். “யாரும்மா அது?” என்று யாரோ கேட்க, “அவுக சம்சாரம்” என்றார். பந்தலில் ஒரு சிரிப்பலை எழுந்தது. அந்தச் சிரிப்பு ரெத்தினத்துக்கு ஊன்றுகோலாயிற்று.

“அவன் கண்டக்டரு இல்லைங்க” என்றார். “அவன் நான்தாங்க. சிங்கப்பூரு கெளம்புறதுக்கு முந்தி ஸ்டூடியோவுல கோட்டு வாங்கிப் போட்டு எடுத்த படம். நான் சீமையிலேருந்து வந்தபெறகும் இவ அந்தப் படத்தோடதான் பேசுறா. என்கூடப் பேசல. அதுல வந்த எரிச்சல்லதான் பாடுனேன். வாத்தியாரு சொன்ன கதையில ஒரு வரிகூட எனக்குத் தெரியாதுங்க.”

“எங்க அந்தப் படம்?” என்று ஒரு கிழவர் கத்தினார்.

வள்ளிக்கண்ணு மஞ்சள் பையிலிருந்து சட்டம் போட்ட படத்தை எடுத்துப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். “பாத்துட்டுக் குடுங்க. ஒடச்சிராதீங்க.” நான் காதரைப் பார்த்தேன். இப்போது தட்டலாம். கிட்டார் உறுமியது, பாட்டு தொடங்கியது. பாட்டோடு படமும் பந்தலுக்குள் புறப்பட்டது. ஒவ்வொரு வரிசையிலும் அது போய்ச் சேரும்போது அந்த வரிசை படத்தைக் குனிந்து பார்க்கும், நிமிர்ந்து மேடையில் நிற்கும் ரெத்தினத்தைப் பார்க்கும், பிறகு சிரிக்கும். படம் எங்கே இருக்கிறது என்று மேடையிலிருந்தே சிரிப்பை வைத்துச் சொல்லிவிடலாம். பெண்கள் பக்கம் முழுவதும் சுற்றி, நடுப்பாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கம் வந்து, மூன்றாம் வரிசையில் சுப்பையாவின் கைக்குப் போனது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கடையில் சரக்கின் தரம் பார்ப்பதுபோல் கோட்டைப் பார்த்தார், சுருட்டிவிட்ட முடியைப் பார்த்தார், மின்னும் பொத்தானைப் பார்த்தார். மேடையில் முன்தலை வழுக்கையோடு, கழுத்து நரம்பு புடைக்க, ‘யாரடி அவன்’ என்று கத்திக்கொண்டிருந்த ரெத்தினத்தை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டு நின்ற ஒரு கணத்தில், மைக் இல்லாமலே பந்தல் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

“இவன் பொறாமப்பட்டதுல நியாயம் இருக்குய்யா!”

பந்தல் வெடித்துச் சிரித்தது. அதன் பிறகு பாட்டின் கடைசி அடிகளை நாங்கள் வாசித்தது யார் காதிலும் விழுந்திருக்காது. சுப்பையா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, அங்க ஏன் நிக்கிறீங்க? இங்கிட்டு வந்து ஒக்காருங்க” என்றார். பழனிவேலு அசையவில்லை. பாக்கியம் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்.

இதை நான் சாமர்த்தியக் கதையாகச் சொல்லவில்லை. வெளியே போன ஒரு பொய்யை நாங்கள் திரும்பப் பெற்றுவிடவில்லை. எங்கோ ஓரூரில் அதைக் கேட்டவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கலாம். ரெத்தினத்தை அறந்தாங்கிப் பக்கம் பார்த்தவர்கள் பல காலம், “என்ன கோட்டுக்காரரே, வீட்டுல பேசுறாங்களா?” என்று விசாரித்தார்கள். “இப்ப பேச்ச நிறுத்தத்தான் வழி தெரியல” என்று அவர் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். அந்தக் கேலியை அவர்கள் இருவரும் தெரிந்தே ஏற்றார்கள். யாருக்கோ வந்த சிக்கலைத் தீர்க்க, தங்களுக்குச் சிறு இழப்பை ஏற்க முன்வந்தவர்கள் எங்களுக்குக் கிடைத்தார்கள். எல்லாக் குழுவுக்கும் கிடைக்க மாட்டார்கள். ஆகவே மேடையில் ஒரு வார்த்தையை அலங்காரத்துக்காகச் சேர்க்கும்போதே, அந்த அடையாளத்தோடு யாரேனும் ஒருவர் உண்மையில் நடமாடுகிறாரா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு கணம் போதும்.

பரிசம் முன்பு குறித்த நாளிலேயே நடந்தது. சுப்பையா எங்கள் குழுவையே வாசிக்க அழைத்தார். அழைக்க வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: “எல்லாரும் மேடைக்கு வாங்க. வாத்தியாரு மட்டும் பந்தியில ஒக்காந்து சாப்புட்டுட்டுப் போகட்டும்.” தங்கராசு வாத்தியார் அதில் வருத்தப்படவில்லை, வெள்ளை வேட்டியில் முதல் ஆளாக வந்துவிட்டார். மதியப் பந்தி நடக்கும்போது, பழனிவேலுவே கேட்டுக்கொண்டதால், நாங்கள் கோட்டுக்காரன் பாட்டைத் தொடங்கினோம். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் இலையிலிருந்து நிமிர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம், “நல்லாருக்கே! இந்தப் பாட்டுக்கு என்னங்க கதை?” என்று கேட்டார்.

வாத்தியார் மேடையைப் பார்த்தார். சுப்பையாவைப் பார்த்தார். ஒரு பெரிய கவளத்தை உருட்டி வாயில் வைத்துக்கொண்டு, பேச முடியவில்லை என்று கையைக் காட்டினார்.